பரவைக்கடல் கரையில் கண்டல் வளர்ப்பது: நடுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில், பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் ஆழம் குறைந்த கடல்நீரேரியின் கரையில், கண்டல் என்ற சேற்றுநில மரங்களின் நடுகை பெரும்பாலும் ஒரு நாள் வேலையாக நடக்கிறது. காலையில் பேருந்து வரும், பிள்ளைகள் இறங்குவார்கள், சுரிக்குள் வரிசையாக நாற்று ஊன்றுவார்கள், மத்தியானத்துக்குள் எல்லோரும் வீடு போய்விடுவார்கள். அடுத்த ஆவணியில் அந்த இடத்துக்குப் போனால் காய்ந்த குச்சிகள் நிற்கும். நட்டவர்களின் மனதில் குறையில்லை. வேலையின் ஒழுங்குதான் பிழை.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். ஒன்பது இடங்களில் ஒரு நாற்றுக்கூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. ஆயிரம் ஹெக்ரயருக்கு மேல் நட்டதில் தேறியது இருநூறு ஹெக்ரயர் அளவுதான். பொருந்தாத மட்டத்தில் நட்டது, ஆடு மாடு, பாசி, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது என்று அவர்கள் கண்ட காரணங்கள் எல்லாம் நம் கரையிலும் அப்படியே இருக்கின்றன.

தீவகம், வலிகாமம், தென்மராட்சி என்று எங்கே பரவைக்கடலை ஒட்டி இருந்தாலும், தங்கள் ஊர்க் கரையில் ஒரு துண்டைப் பொறுப்பெடுக்க நினைக்கும் சிறு குழுவுக்காக இதை எழுதுகிறேன். நடுகை இதில் எட்டாவது படியில்தான் வரும்.

1. முதலில் தேவைப்படுபவை

மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் 15 மீற்றர், அளவு குறித்த இரண்டு தடிகள், வர்ணம் பூசிய முளைக்கட்டைகள், ஒரு கொப்பி, படம் எடுக்க ஒரு போன். தண்ணீரின் உப்பளவு பார்க்கும் சிறு கருவி கிடைத்தால் நல்லது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்திலோ இறால் வளர்ப்பவர்களிடமோ இரவல் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றைவிட முக்கியம், கரைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கும் இரண்டு பேர். ஒரு வேலி சரிந்தால் அன்றே தெரிய வேண்டும். நகரத்திலிருந்து மாதம் ஒரு தடவை வருபவர்களை மட்டும் நம்பித் தொடங்கினால், ஆடு புகுந்த செய்தி வரும்போது நாற்று இருக்காது.

2. கரையை ஒரு முழு வருடம் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "இடம் வெறுமையாகத்தானே கிடக்கிறது, நடலாம்" என்று முடிவெடுப்பார்கள்.

பரவைக்கடல் ஒரு நாளில் தன்னைக் காட்டாது. மார்கழியில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும் இடம், ஆடியில் வெடித்துப் போய் உப்புப் பூத்துக் கிடக்கும். சோழகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும்போது ஒரு கரையில் தண்ணீர் ஒதுங்கி ஏறும், எதிர்க்கரையில் வற்றும். வாடைக்காற்றில் இது மாறும். ஆகவே மாதத்தில் இரண்டு நாள், பறுவத்தன்றும் (முழுநிலா நாள்) அமாவாசையன்றும் போய், பெருக்கில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது, வற்றில் எங்கே போகிறது என்று கட்டை அடித்துக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள்.

இதோடு இன்னொன்றையும் தேடுங்கள்: தானாக முளைத்த கன்றுகள். மாரி முடியும் நேரம் சேற்றில் குனிந்து பார்த்தால், இரண்டு தடித்த விதையிலைகளோடு விரல் உயரத்தில் கண்ணாக் கன்றுகள் நிற்பதைக் காணலாம் (கண்ணா நம் கரையில் நிற்கும் கண்டல் மரங்களில் ஒரு வகை). இதை வைத்தே அந்த இடத்தின் நோயைச் சொல்லிவிடலாம்.

தையில் நூற்றுக்கணக்கில் கன்றுகள் நின்று ஆவணிக்குள் காணாமல் போனால், விதை வருகிறது, மட்டமும் சரி, ஆனால் ஆடு மாடோ கோடை உப்போ கொன்றுவிடுகிறது. ஆடு மாடு என்றால் அங்கே வேலிதான் தேவை, நாற்று தேவையில்லை. ஒரு கன்றுகூட வரவில்லை என்றால், விதை வந்து சேரும் வழி அடைபட்டிருக்கலாம், அல்லது மட்டம் பொருந்தாமல் இருக்கலாம். அதைத் தீர்க்காமல் நட்டால் நாற்றும் சாகும்.

3. நடக்கூடாத இடங்களை முதலிலேயே கழியுங்கள்

சாதாளை என்ற கடற்புல் வளர்ந்திருக்கும் தரையில் நடாதீர்கள். அது வெறும் புல் இல்லை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அதற்குள்தான். ஒரு வளத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்குவதில் ஊருக்கு ஒரு இலாபமும் இல்லை.

பறவைகள் மேயும் திறந்த சேற்றுவெளியையும் விடுங்கள். மண்டைதீவு, சரசாலைப் பக்கங்களில் பூநாரை இறங்கும் வெளிகள் நம் கண்ணுக்கு வெறும் நிலம்போலத் தெரியும். மரம் இல்லாததால்தான் அவை அங்கே வருகின்றன.

தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளுக்கு உட்பக்கமும் வேண்டாம். அங்கே நீர்மட்டம் கடலின் வற்றுப் பெருக்கோடு நடப்பதில்லை. மழையோடும் கதவு திறப்பதோடும் நடக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள மட்டக் கணக்கு அங்கே பொருந்தாது.

4. கரையில் பிழைப்பவர்களோடு பேசுங்கள், பிறகு கடிதம் எழுதுங்கள்

நாங்கள் முதல் தடவை முளைக்கட்டை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐயா வள்ளத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எங்கட களங்கட்டிப் பாடு. இதிலை மரம் வந்தா நான் வலையை எங்கை கட்டுறது?" களங்கட்டி என்பது ஆழம் குறைந்த தண்ணீரில் தடி ஊன்றிக் கட்டும் வலை; பாடு என்பது அதைக் கட்ட ஒருவருக்கு உரிய இடம். அவர் கேட்டது நியாயம். அந்தத் துண்டுக்கு வருடக்கணக்காக ஒரு ஒழுங்கு இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய், அடுத்த கிழமை கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து பேசினோம். எங்கே வலை கட்டுவது, எங்கே வள்ளம் விடுவது, எந்தப் பாதையால் பெண்கள் மட்டி பொறுக்கப் போவது என்று அவர்களே கடதாசியில் கீறித் தந்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் கொப்பியில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பேச வேண்டியவர்கள் மூன்று கூட்டம்: கடற்றொழிலாளர், ஆடு மாடு வைத்திருப்பவர்கள், கரையில் விறகோ குழையோ வெட்டுபவர்கள். ஆடு வைத்திருப்பவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கண்ணாக் குழை கோடையில் ஆட்டுக்கு நல்ல தீன். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி எழும்ப முடியாது. எந்தத் துண்டை இரண்டு வருடம் அடைப்பது, எந்தத் துண்டைத் திறந்து விடுவது என்று சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஊரில் இணக்கம் வந்த பிறகு அனுமதி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள நீரேரிகளுக்கு 2011 திருத்தம் ஓரத்தில் 100 மீற்றரைச் சேர்த்தது. வாய்க்கால் துப்புரவு செய்வதானாலும் வேலி போடுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வனத்துக்கோ வனசீவராசிகளுக்கோ ஒதுக்கிய நிலமா என்று கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடற்றொழில் திணைக்களத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். சங்கத்தின் கையெழுத்தோடு போகும் கடிதம் சீக்கிரம் நகரும். அதனால்தான் பேச்சு முதலில், கடிதம் பிறகு.

5. தண்ணீர் வரும் வழியைத் திறந்து விடுங்கள்

பட்டுப்போன கண்டல் பற்றையைக் கண்டால் உடனே நாற்றை நினைக்காதீர்கள். அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் வரவில்லை என்று தேடுங்கள். நம் கரையெங்கும் தாம்போதிகளும் வீதிகளும் குறுக்கே போகின்றன. அவற்றுக்குக் கீழே இருக்கும் மதகு ஒன்று மண்ணும் குப்பையும் சேர்ந்து அடைபட்டாலே போதும். உட்பக்கம் மாரித் தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கும், கோடையில் அதே தண்ணீர் வற்றி உப்புப் பாத்தியாகும். கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். அடைபட்ட குடாவில் அது இன்னும் ஏறிக்கொண்டே போகும். கண்ணா மூச்சு விடுவது சேற்றுக்கு மேலே பென்சில் போல நிற்கும் வேர்களால். தேங்கிய தண்ணீர் அந்த வேர்களை நாள்கணக்கில் மூடினால் பெரிய மரமே பட்டுப்போகும்.

சோதனை எளிது. பெருக்கு வரும் நேரம் மதகின் கடற்பக்கம் ஒரு தடி, உட்பக்கம் ஒரு தடி ஊன்றுங்கள். கடற்பக்கம் ஏறும்போது உட்பக்கமும் கொஞ்சம் பிந்தியாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடைப்பு இருக்கிறது.

மதகு வீதிக்குச் சொந்தமான அமைப்பு, நீங்களாகக் கை வைக்க வேண்டாம். பிரதேச சபையிடமோ வீதிக்குப் பொறுப்பானவர்களிடமோ தடி வைத்து எடுத்த படங்களைக் காட்டிக் கேளுங்கள். உட்பக்கத்து வாய்க்காலில் சேர்ந்த பிளாஸ்ரிக்கையும் அறுந்த வலைகளையும் ஊர்ச் சிரமதானத்தில் அள்ளலாம். எங்கள் துண்டில் இரண்டு சனிக்கிழமை அள்ளினோம். அடுத்த மாரியில் வாய்க்காலின் இரு பக்கமும் ஒருவரும் நடாத கன்றுகள் முளைத்தன. அந்தப் பகுதியில் நாங்கள் பிறகு நடவே இல்லை.

6. மட்டம் பாருங்கள்: ஒரு சாண் வித்தியாசத்தில் உயிர் போகும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

யாழ்ப்பாணக் கரையில் பறுவத்திலும் அமாவாசையிலும்கூட வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம் வராது. கண்டல் வளரக்கூடியது அதன் மேல் பாதியில், அதாவது நடுக் கடல்மட்டத்துக்கும் உயர்ந்த பெருக்குக்கும் இடைப்பட்ட பகுதியில். ஆகவே நமக்குக் கிடைப்பது உயரத்தில் மிக ஒடுங்கிய ஒரு பட்டி. ஒரு சாண் தாழ்ந்தால் கன்று எப்போதும் தண்ணீருக்குள். ஒரு சாண் உயர்ந்தால் கோடை முழுவதும் வெயிலில்.

அந்தப் பட்டியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் தானாக வளர்ந்து செழிப்பாக நிற்கும் கண்ணா மரங்களிடம் கேட்டால் போதும். குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு முனையைக் கடலை நோக்கிக் கடைசியாக நிற்கும் மரத்தடியில் தடியோடு பிடியுங்கள். மறு முனையை நீங்கள் நட நினைக்கும் இடத்தில் இன்னொரு தடியோடு பிடியுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்தத் தண்ணீர் வரைக்கும் இரண்டு தடியிலும் அளந்து கழித்தால் உயர வித்தியாசம் கிடைத்துவிடும். தூரம் அதிகம் என்றால் நடுவில் கட்டை அடித்துக் கட்டை கட்டையாகக் கடந்து போங்கள்.

இப்படி மரங்களின் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் எடுத்து, அந்த இரண்டு உயரத்துக்கும் இடையில் வரும் இடத்தை மட்டும் கட்டை அடித்துக் குறியுங்கள். பெரிய வெளியென்று நினைத்தது சில மீற்றர் அகலமுள்ள கீற்றாகச் சுருங்கலாம். மனம் சோர வேண்டாம், அந்தக் கீற்றுத்தான் பிழைக்கும் இடம்.

நாங்கள் முதல் வருடம் குழாய் பிடிக்கவில்லை. கோடையில் வற்றிக் கிடந்த தரையைப் பார்த்து நட்டோம். மாரி வந்தபோது அந்த இடம் கிழமைக்கணக்கில் தண்ணீருக்கு அடியில். பிறகு அளந்தபோது மரங்களின் கீழ் எல்லையைவிடச் சரியாக ஒரு சாண் தாழ்வு. நட்டவை எல்லாம் அழுகிப் போயின. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, அழுகிய முட்டை மணம் வந்தது.

7. எந்த மரம், எப்படி நாற்று

கண்ணா, அதாவது வெண்கண்டல், நம் கரைக்கு முதல் தெரிவு. உப்பைத் தாங்கும். இலை வழியாக உப்பை வெளியே தள்ளும். கோடையில் ஒரு இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். கண்டல் என்ற பொதுப்பெயரையே தன் பெயராகவும் கொண்ட, நீண்ட முருங்கைக்காய் போலக் காய் தொங்கும் மரமும் அழகுதான், நடவும் சுகம். காயை அப்படியே குத்திவிடலாம் என்பதால் நடுகை நாட்களில் அதையே கொண்டு வருவார்கள். ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் வந்து போக வேண்டும், கடும் உப்பும் ஆகாது. உங்கள் கரையில் ஏற்கெனவே அது நின்றால் மட்டும் நடுங்கள். தரைப்பக்க மேட்டில் தில்லை நிற்கும். அதை வெட்டவோ ஒடிக்கவோ வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கூட்டிப் போகுமுன் இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

விதையை உங்கள் கரையிலேயே எடுங்கள். கண்ணாக் காய் பச்சை மாறி மஞ்சள் ஓடும்போது, கொப்பை மெல்ல அசைத்தால் விழும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் முற்றவில்லை. ஒரு நாள் வாளித் தண்ணீரில் ஊற விட்டால் மேல்தோல் தானாகக் கழன்றுவிடும். துளை விழுந்தவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தை அன்றைக்கே பையில் வையுங்கள். இந்த விதை முளைத்தபடியே விழுவது, சேமித்து வைக்க முடியாது.

பைக்குக் கரைச் சேறும் மணலும் கலந்த மண். விதையைத் தாழ்க்காமல் மேலே பாதி தெரிய அமர்த்துங்கள், புதைத்தால் அழுகும். கிடுகால் மெல்லிய நிழல். தண்ணீரில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கிணற்று நன்னீரையே ஊற்றி வளர்த்தால் நாற்று கொழுகொழு என்று வரும், கரையில் வைத்த முதல் கோடையில் கருகும். தொடக்கத்தில் நன்னீரோடு கொஞ்சம் கடல் தண்ணீர் கலந்து, மாதம் போகப் போகக் கடல் தண்ணீரைக் கூட்டுங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முந்திக் கிடுகை எடுத்துவிட்டு முழு வெயிலில் விடுங்கள்.

8. நடும் நாள்

ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம் என்று பலர் அன்றைக்கு நட ஆசைப்படுகிறார்கள். நம் கரையில் அது சோழகம் அடித்து, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் நேரம். அன்று கூட்டம் சேர்ந்தால் குப்பை அள்ளுங்கள், நாற்றுப் பை நிரப்புங்கள். நடுகையை ஐப்பசி கடைசி, கார்த்திகைக்குத் தள்ளுங்கள். இரண்டு மூன்று நல்ல மழை விழுந்து மண்ணின் உப்புக் கரைந்திருக்கும், அடுத்த கோடைக்கு முன் வேர் பிடிக்க ஆறு மாதமாவது கிடைக்கும்.

வற்று நேரத்தில் தொடங்குங்கள். குழி, பையைவிடச் சற்றுப் பெரிதாக. பொலித்தீனைக் கட்டாயம் கிழித்து எடுத்து, எண்ணித் திரும்பக் கொண்டு வாருங்கள். பையோடு நட்ட நாற்றுகளை வேர் சுருண்ட நிலையில் நான் எத்தனையோ தரம் பிடுங்கி எடுத்திருக்கிறேன். மண்கட்டி உடையாமல் வைத்து, கன்று பையில் எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் மூடுங்கள். இடைவெளி ஒன்றரை மீற்றர் அளவில். கயிறு பிடித்த வரிசை தேவையில்லை. நண்டு வளைகளையும் வாய்க்கால் ஓடும் இடத்தையும் விட்டு விலகி நடுங்கள்.

சேற்றை அதிகம் மிதிக்காமல் இருக்க, பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம்.

9. முதல் இரண்டு கோடை

வேலி நடுகைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பனை மட்டையும் தடியும் போதும். பழைய வலையைச் சுற்றாதீர்கள், பறவையும் நண்டும் சிக்கிச் சாகும். கடற்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

மாரியிலும் தை மாதத்திலும் கிழமைக்கு ஒரு தடவை போய், கன்றில் சுற்றிய பாசியையும் ஒதுங்கிய சாதாளையையும் கையால் விலக்குங்கள். நனைந்த பாசியின் பாரம் ஒரு இரவில் கன்றைச் சாய்த்துவிடும். தண்டில் சின்ன வெள்ளைச் சிப்பிகள் நெருக்கமாக ஒட்டினால் சுரண்டுவதோடு நிற்காமல் மட்டத்தைத் திரும்ப அளங்கள். அநேகமாக அந்த இடம் தாழ்வு என்றுதான் அர்த்தம். கோடையில் இலை நுனி கருகுவது வழமை. குருத்துக் கருகினால்தான் கவலை.

10. எண்ணி எழுதுங்கள்

துண்டை நாலாகப் பிரித்து, தை, சித்திரை, ஆடி, ஐப்பசியில் உயிரோடு நிற்பவற்றை எண்ணுங்கள். செத்தவற்றுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: ஆடு, பாசி, தாழ்வு, உப்பு, தெரியாது. ஒரு துண்டில் பெரும்பாலும் "தாழ்வு" என்று வந்தால், அங்கே மறுபடி நடாதீர்கள். "ஆடு" என்று வந்தால் வேலிக்குப் போகுமுன் ஆட்டுக்காரரிடம் போங்கள். அவர்களுக்குக் கோடைத் தீனில் ஏதோ முட்டுப்பாடு வந்திருக்கும்.

மூன்றாம் வருடத்தில் கன்றுகளைச் சுற்றிச் சேற்றில் மூச்சுவேர்கள் குத்திட்டு நிற்கும். அவற்றுக்கு நடுவில் நீங்கள் நடாத கன்று தென்பட்டால் அதைத் தனி நிரலில் எழுதுங்கள். அந்த நிரல் மற்றதைவிடப் பெரிதாகும் துண்டில் வேலியைக் கழற்றி, ஊரோடு பேசி வைத்த அடுத்த துண்டுக்கு மாற்றலாம்.